அம்மா பந்திக்குப் போகாத ஞாயிறுகள்

எங்கள் தோட்டத்து வேதக்கோயிலில் இராப்போஜனத்துக்கு ஒரே பாத்திரம்தான். வெள்ளி முலாம் பூசியது. அந்த முலாமும் பாதி போயிருந்தது. போதகர் ஐயா அதைத் துணிப்பையில் சுற்றி ஹட்டனிலிருந்து கொண்டுவருவார். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வருவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்தால் எங்கள் அதிர்ஷ்டம். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்துவிட்டால் அதுவும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார், ஆனால் இராப்போஜனம் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

இராப்போஜனப் பந்தியில் அந்தப் பாத்திரத்துத் திராட்சரசத்தைச் சபையார் எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பார்கள். இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்கு உள்ளவர்கள் கேட்கலாம். லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்துகொண்டு, ஒரு வீட்டுக் கோப்பையில் இன்னொரு வீட்டார் தண்ணீர் குடிக்காத காலம் அது. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள் சட்டி பானையை விட்டுவிட்டு வந்தாலும் சாதியை மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோயிலுக்குள் மட்டும் பெரிய கங்காணியின் மைத்துனரும் தோட்டத்து வாசல்கூட்டுகிறவரும் அடுத்தடுத்து முழங்கால் போட்டு ஒரே விளிம்பில் குடித்தார்கள். வெளியே வந்ததும் பழைய கதைதான். என்றாலும் அந்த ஒரு நிமிஷம் சத்தியம் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அதனால்தான் முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை வைப்பார்கள். சண்டைக்காரர்கள் சபைக்கு முன்னால் கைகொடுத்துச் சமாதானமாக வேண்டும். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு பாத்திரத்தில் வாய் வைத்தால் அது குடித்தவருக்கே சாபம் என்பது எங்கள் பயம். பீலிக்கரையில் தண்ணீருக்காகக் குடுமிபிடிச் சண்டை போட்ட பெண்கள் அன்று கட்டிக்கொண்டு அழுவார்கள். திங்கட்கிழமை அதே பீலிக்கரையில் மறுபடியும் குடம் உருளும். பிள்ளைகளான எங்களுக்கு அது நல்ல வேடிக்கை. அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

அம்மாவுக்கு அந்தப் பந்தி விளையாட்டு இல்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் எங்கள் அப்பா, மேற்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேல் பிரிவிலிருந்த ஒரு பெண்ணோடு ராகலைப் பக்கம் போய்விட்டார். அவர் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர், கோயிலில் கீர்த்தனை எடுத்துக் கொடுத்தவர், குரல் நல்ல குரல். குணத்தைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. மூத்த மகளான எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. அம்மா விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால், கொழுந்துக் கூடையோடு இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். லயத்தில் ஏச்சுப் பேச்சு எல்லாவற்றையும் கேட்டாள். "அந்தப் பந்தியில எடுக்கிற ஒரு வாய்தான் என்னைய மூணு மாசம் தூக்கி நிறுத்துது" என்று சொல்வாள். அது வெறும் பேச்சில்லை, நான் கண்ணால் பார்த்தது. பந்தியிலிருந்து எழுந்து வரும்போது அவள் முகமே வேறாக இருக்கும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது அவர் திரும்பி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்மா வாசலில் உட்கார்ந்து தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மெலிந்துபோன ஒரு ஆள் லயத்துக் கோடியில் தயங்கித் தயங்கி நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள், "அடியே, ஒன் புருஷன்டி" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் கூட்டிக்கொண்டு போன அந்தப் பெண் தன் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாளாம். அதன் பிறகு குடித்தே கிடந்தவர், வலப்பனை ரோட்டோரத்தில் நடந்த ஒரு ஜெபக் கூட்டத்தில் அழுது மனம் திரும்பினாராம். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"நான் பழைய ஆளு இல்ல. எல்லாத்தையும் விட்டுட்டேன். ஆண்டவரு என்னைய மன்னிச்சிட்டாரு."

அம்மா சீப்பைக் கீழே வைக்கவில்லை.

"மன்னிப்பாருங்க. அவரு பெரியவரு. அவரு என்ன, ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு மழையில கொழுந்தா எடுத்தாரு?"

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவர் திரும்பி உபதேசியார் வீட்டுக்குப் போனார். உபதேசியார் இளகின மனசுக்காரர். கோயிலுக்குப் பின்னால் பாய்களும் மண்வெட்டியும் போட்டு வைக்கிற சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்தார். அப்பா ஸ்டோரில் பார்த்த வேலை எப்போதோ போயிருந்தது. மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா இரக்கப்பட்டு, மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டும் வேலைக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து வந்த ஆயத்த ஆராதனையில் அவரைச் சபையில் திரும்பச் சேர்த்தார்கள். கோயிலில் வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள், எல்லாரும் பாயில்தான். மனம் திரும்பினவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்று அறிக்கையிட வேண்டும் என்பது முறை. அப்பாவும் அப்படித்தான் நின்றார். எங்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. குடித்தேன் என்றார், பிற பெண்ணோடு போனேன் என்றார், குடும்பத்துக்குத் துரோகம் செய்தேன் என்றார், சபையாரே மன்னியுங்கள் என்று குரல் உடைந்து அழுதார். போதகர் ஐயா அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். சபையின் கிழ மூப்பர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெண் வீட்டாரைத்தான் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் போதகர் ஐயா வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "வேற யாருக்காவது யாரு மேலயாவது மனஸ்தாபம் இருந்தா இப்பவே சொல்லிச் சமாதானமாகிக்கலாம்."

அம்மா எழுந்து நின்றாள்.

"எனக்கு இருக்குங்க ஐயா."

"யாரு மேலம்மா?"

"இப்ப மன்னிப்பு வாங்கினாரே, அவரு மேல."

மூப்பருக்குத்தான் முதலில் வாய் வந்தது. "கடவுளே மன்னிச்ச பொறகு, நீ யாரு தாயி?"

"அதுதான் எனக்கும் தெரியல மூப்பரே," என்றாள் அம்மா. "மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லிட எம்புட்டு நேரமாவும்? நாளைக்கு அந்தப் பாத்திரத்துல இந்த வாயத்தானே வைக்கணும். எனக்கு இன்னும் மனசு வரல. பொய் சொல்லிட்டுப் பந்திக்கு வர மாட்டேன்."

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். போதகர் ஐயா ஜெபத்தை முடித்தார்.

மறுநாள் பெண்கள் எல்லாரும் எழுந்து முன்னால் போனபோது அம்மா பாயிலேயே இருந்தாள். எனக்கு இன்னும் திடப்படுத்தல் ஆகவில்லை, அதனால் பாத்திரம் எனக்குக் கிடையாது. நானும் அவளுமாக, காலியான பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் வரிசையில் அப்பா போய் முழங்கால் போட்டுக் குடித்ததைப் பார்த்தேன். ஓடிப்போனவருக்கு விருந்து, இருந்து சுமந்தவளுக்குப் பட்டினி. இது என்ன நியாயம் என்று எனக்குக் கொதித்தது. கடவுள் மேலேயே கோபம் வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தப் பாத்திரம் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்த பிள்ளை அடுத்த வீட்டு அடுப்பைப் பார்ப்பது போல இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்குப் பீலிக்கரையில் சொன்னாள்: "ஒங்க சாமி நல்ல சாமிதான்டி. ஆனா ஆம்பளைங்கன்னா கொஞ்சம் வெரசா மன்னிச்சிருது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அவரு வெரசா மன்னிக்கலன்னா நாம யாரு நிக்க முடியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளை அறுத்ததும் அதுதான்.

அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் வீட்டுக்கு வந்தார்கள். மூப்பர் வந்தார், மூப்பர் பெண்சாதி வந்தாள், உபதேசியார் வந்தார். ஆளுக்கொரு புத்திமதி. ஊருக்கு உபதேசம் சொல்ல யாருக்கும் கஷ்டமில்லை. அம்மா எல்லாருக்கும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எல்லாருக்கும் தலையாட்டினாள். விளக்கு வைத்ததும் ஜெபம் பண்ணும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். "ஆண்டவரே, எனக்கு மனசு வரல. மனசு வரணும்னு கேக்கக்கூட மனசு வரல." கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த எனக்கு, ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தெரியாது.

அப்பா மாறியிருந்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும், சொல்ல விருப்பமில்லாவிட்டாலும். குடிக்கவில்லை. சம்பள நாளிலும் குடிக்கவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து தொல்லை கொடுக்கவில்லை. கோயிலில் கீர்த்தனை எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது, வேண்டாம் என்று கடைசிப் பாயில் உட்கார்ந்துகொண்டார். வெட்டின கானை விடிகாலையில் போய்த் தானே மறுபடியும் துப்புரவு செய்வார் என்று தம்பி வந்து சொன்னபோது, அவனை அதட்டி வாயை மூட வைத்தேன்.

அடுத்த இராப்போஜனம் வந்தது. அம்மா பாயில் இருந்தாள். ஆண்கள் எழுந்தபோது அப்பாவும் எழும்பவில்லை. போதகர் ஐயா அவரைப் பார்த்து வாருங்கள் என்று கையைக் காட்டினார். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். வலது பக்கத்தில் ஒருவர், இடது பக்கத்தில் ஒருவர், நடுவில் சபை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பெண்கள் அம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். பாவி, அவனையும் கெடுத்துவிட்டாளே என்கிற பார்வை.

ஆராதனை முடிந்ததும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோயிலைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். ஆறு வருஷம் விட்டுப் போயிருந்த புருஷனிடம், பட்டப்பகலில், சபையார் பார்க்கும்படி அவள் போனது அதுதான் முதல் தடவை.

"இது என்ன புது வித்தை?" என்றாள். "எதுக்குப் பந்திக்குப் போகல?"

அவர் எழுந்து நின்றார். "நீ வராம நான் மட்டும் எப்படி..."

"என் கழுத்துல கயித்தப் போட்டு இழுக்கிறீங்களா? இம்புட்டு நாளும் ஓடுகாலியோட பொண்டாட்டின்னு பேரு. இப்ப கல்நெஞ்சுக்காரின்னு பேரு எடுக்கணுமா? ஆண்டவரு ஒங்கள மன்னிச்சது நெசம். அதுல எனக்குச் சந்தேகம் கெடையாது. அவரு குடுத்தத என்னையச் சாக்குச் சொல்லித் தள்ளாதீங்க. போயி எடுங்க. என்னைய என் பாட்டுல விடுங்க."

அப்போது எங்களுக்குப் பின்னால் போதகர் ஐயாவின் செருமல் கேட்டது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக வந்தவர், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, நீ இவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"சபையில கேட்டேனுங்களே ஐயா."

"சபைகிட்ட கேட்ட. ஆண்டவர்கிட்ட கேட்ட. இவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னு கேட்ட. நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எனக்கே தோணல. என் தப்புத்தான் அது."

யாருக்குத்தான் தோன்றியிருக்கும்? எங்கள் ஆட்களில் ஒரு ஆண் நாலு பேர் முன்னால் தன் பெண்சாதியைக் கூப்பிடுவதே கிடையாது. இந்தா, ஏய் என்பதோடு சரி. மன்னிப்புக் கேட்பது என்றால் துரையிடம் கேட்கலாம், கங்காணியிடம் கேட்கலாம், கடவுளிடம் கேட்கலாம். பெண்டாட்டியிடம் கேட்பதை லயத்தில் எவரும் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. அம்மாகூட அதை எதிர்பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தனக்கு ஏன் மனசு வரவில்லை என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கான் வெட்டிக் காய்த்துப் போன தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் போன அன்னைக்குத் தம்பிக்குக் காச்சல் கண்டிருந்துச்சு. நல்ல மழ. வீட்டுல கம்பளி ஒன்னுதான் இருந்துச்சு. அவன் போத்திக்கிட்டுக் கெடந்தான். போற வழியில குளிருமேன்னு அத உருவிக்கிட்டுப் போனேன்."

அந்தக் காய்ச்சல் எனக்கு ஞாபகம் இருந்தது. மலையில் வேலை செய்யும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் அம்மா தம்பியைச் சுற்றி, தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்ததும் ஞாபகம் இருந்தது. கம்பளி எங்கே போனது என்று நான் கேட்டதற்கு, காயப் போட்டது காற்றில் போய்விட்டது என்றாள். ஆறு வருஷமாக அதை அவள் ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. புருஷன் போனதைச் சொல்லிவிடலாம், ஊரே பார்த்தது. பெற்ற பிள்ளையின் கம்பளியை உருவிக்கொண்டு போனதை எந்த வாயால் சொல்வது?

"சபையில இதச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு," என்றார் அப்பா. "ஒன்கிட்டதான் கேக்கணும். ஒன்கிட்ட கேக்கிறேன். மன்னிச்சிரு."

அம்மா அழுதாள். அவர் போன அன்றும் அழாதவள், வந்த அன்றும் அழாதவள், அந்தச் சின்ன அறை வாசலில் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். போதகர் ஐயா அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "பதில் இப்பக் கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவரும் கேட்கவில்லை. அந்த வருஷம் மழை விடாமல் பெய்து ரோடு இரண்டு இடத்தில் சரிந்ததால், போதகர் ஐயா அடுத்த முறை வர வெகுநாள் ஆயிற்று. ஆயத்த ஆராதனையில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்பியது. அம்மா எழுந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் வீம்பு இல்லை.

"ஐயா, அவரு என்கிட்ட கேட்டாரு. நானும் மன்னிச்சேனுங்க. நெசமாவே மன்னிச்சேன். ஆனா மறுநா காலையில பெரட்டுக்குப் போறப்போ குளிருது. குளிருனா அந்த ஞாபகம் வந்துருது. பொறகு மொதல்ல இருந்து மன்னிக்க வேண்டியிருக்கு. அடுத்த நாளும் அப்புடித்தான். இது மன்னிப்புல சேத்தியாங்க? இத வச்சிக்கிட்டு நான் பந்திக்கு வரலாமுங்களா?"

போதகர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பெரிய பிரசங்கியார், எதைக் கேட்டாலும் வசனத்தோடு பதில் சொல்லக்கூடியவர். அன்று வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச மன்னிப்பு அது ஒன்னுதாம்மா," என்றார். "நானும் தெனம் மொதல்ல இருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆண்டவரும் என்னைய அப்படித்தான் வச்சிக்கிட்டிருக்காரு. நாளைக்கு வாங்க."

மறுநாள் அம்மா போனாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பெண்கள் வரிசையில் வாசல்கூட்டுகிறவரின் மனைவிக்கு அடுத்தபடியாக முழங்கால் போட்டாள். ஆண்கள் வரிசையில் அப்பாவும் போனார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கோபம் அப்படியே இருந்தது. அவள் எனக்குத் துணையாக இல்லாமல் தனியாகப் போய்விட்டாளே என்றுகூட வருத்தப்பட்டேன்.

ஆராதனை விட்டதும், வாசலில் எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போதே அவள் அப்பாவிடம் சொன்னாள்: "இன்னைக்குப் பகல் சாப்பாட்டுக்கு வாங்க."

அவர் முகம் கழுவி, தலை சீவி, விருந்தாளி மாதிரி வந்தார். அடுப்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தம்பி அவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அம்மா அவருக்குச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"சாப்பிடுங்க. இன்னைக்கு மன்னிச்சிருக்கேன்."

அவர் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு?"

"நாளைக்கு எழும்பித்தான் பாக்கணும்."

அவர் சரி என்று தலையாட்டினார். குனிந்து தட்டைக் காலி செய்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டார். அம்மா போட்டாள்.